பதினெட்டு நாளும் பார்த்தது யார்?

மே 4, ஞாயிறு

ஆற்றில் எண்ணெய் இறங்கி நண்டெல்லாம் கறுத்துச் செத்தது ஒரு வருஷம். அதற்கடுத்த வருஷம் பெஞ்சல் புயல். அதற்கும் அடுத்தது இது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இருபது நாள் ஆகிறது. காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. மகன் பிரகாஷ் பகலெல்லாம் வீட்டில் மல்லாந்து படுத்திருக்கிறான். வருஷத்துக்கு நம்பர் உண்டென்று எனக்கும் தெரியும். ஆனால் நான் நடந்ததை வைத்துத்தான் வருஷத்தைப் பிடித்துக்கொள்வேன்.

மருமகள் குணசுந்தரி இந்தப் போனில் ஒரு பொத்தானைக் காட்டினாள்.

"மாமா, இத்த அமுக்கிகினு பேசு. நீ சொல்றத அதுவே எழுதும். தேதியும் அதுவே போட்டுக்கும்."

பேசினேன். எறும்பு சாரை சாரையாகப் போவது போல எழுத்து ஓடியது. "படிச்சுக் காட்டு" என்றேன். நான் சொன்னதை அப்படியே படித்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேகம் என்று பேர், எழுபத்தேழு வயசு. ஒரு எழுத்துத் தெரியாது. ரேஷன் கடையில் இன்னும் கைநாட்டுதான். இத்தனை வருஷம் பேசினதெல்லாம் காற்றோடு போச்சு. இன்னிக்குப் பேசினது மட்டும் நின்னுகினு கீது.

வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் போன் தடுமாறுகிறதாம். பாரதம் சொல்கிற மாதிரி நிறுத்திச் சொன்னால் ஒழுங்காக எழுதுகிறதாம். சரி. அது எனக்குக் கைவந்ததுதான்.

மே 9, வெள்ளி

இன்று மருமகள் குணாவுக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாயும் வெள்ளியும். விடிவதற்கு முன்னே எண்ணூரில் ரயில் ஏறி, சென்ட்ரல் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, திரும்பி வரும்போது சாயங்காலம். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இன்னாம்மா?" என்றால் "ஒண்ணும் இல்ல மாமா, சுவரு வுழாம புடிச்சிகினு கீறேன்" என்பாள்.

ஒருநாள் நானும் கூடப் போய்ப் பார்த்தேன். ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போகிறது. இன்னொரு குழாய் வழியாக அதே ரத்தம் திரும்பி வருகிறது. மனுஷனின் உசுரு கொஞ்ச நேரம் வெளியில் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறது. அந்த மெஷினைக் கும்பிட்டேன். நர்சு சிரித்தாள்.

நம்ம பக்கத்திலேயே தர்ம ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே இரண்டு மெஷின்தான். வரிசையில் பதினோரு பேர். குணா ஒன்பதாவது. முன்னால் இருக்கிறவர் ஒருத்தர் போனால்தான் பின்னால் இருக்கிறவருக்கு இடம். அதை நினைத்து வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஜெஸ்லின் இன்று வீட்டுக்கு வந்தாள். டிவியில் "கதை சொல்லு, கை கொடு" என்று ஒரு ஆட்டமாம். ராமாயணம், பாரதம், பெரிய புராணம் என்று கேள்வி கேட்பார்கள். ஜெயித்தவர் கையில் ஒன்றும் தரமாட்டார்கள். எந்தத் தர்மத்துக்காக ஆடினாரோ அங்கே கேட்ட பொருள் போய் இறங்கும். ஜெஸ்லின் மூன்றாவது மெஷின் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு இரண்டு பேராக ஆட வேண்டும்.

"தாத்தா, எனக்கு பைபிள் தான் தெரியும். பாரதத்துக்கு நீங்க வரணும்."

"எனக்குப் படிக்கத் தெரியாதே மா."

"கேள்விய அவங்களே படிப்பாங்க. நீங்க வாயைத் தொறந்தாப் போதும்."

உள்ளேயிருந்து குணா, "அது ஒண்ணுதான் மாமாவுக்கு மூடத் தெரியாது" என்றாள்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. கடல், கரையில் கொட்டிய கல் மேட்டைத் தாண்டி வந்து தெருவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மே 17, சனி

நான் ஏன் பாரதம் சொல்வேன் என்பது ஜெஸ்லினுக்குத் தெரியாது. இன்று சொன்னேன். இதிலும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் குப்பத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருந்தது. இப்போது கடலுக்குள் இருக்கிறது. ஆடியில் பாரதம் நடக்கும். முதல் நாள் அரவான் களப்பலி. அப்புறம் பதினெட்டு ராத்திரி போர், கூத்தாக. ஆனால் குப்பத்து ஆம்பிளைகள் ராத்திரியில் கடலில் இருப்பார்களே, கூத்தை யார் பார்ப்பது?

அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. பலியான அரவானின் தலையைக் களிமண்ணில் ஆள் உயரத்துக்குச் செய்து வைப்பார்கள். வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் கண் மூடாமல் போரைப் பார்க்கும், கண்ணன் கொடுத்த வரம். அந்தத் தலைக்குப் பின்னால் ஒருத்தனை உட்கார வைப்பார்கள். அவனும் கண் மூடக் கூடாது. மறுநாள் உச்சி வெயிலில், வலை காய்கிற மணலில், கரைக்கு வந்தவர்களுக்கு ராத்திரிக் கதையை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அவனுக்கு "அரவான் கண்ணு" என்று பேர். பதினெட்டும் முடிந்தால் தலையில் பட்டு கட்டி ஊரே தூக்கிக்கொண்டு போகும்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டதற்கு அடுத்த ஆடி. இந்தி வேண்டாமென்று பசங்கள் ரயிலை மறித்தார்களே, அதே வருஷம். அரவான் கண்ணு நான். எனக்குப் பதினேழு வயசு. அதுதான் கடைசி பாரதம். மறு வருஷம் கடல் உள்ளே வரத் தொடங்கிவிட்டது.

"அறுவது வருஷமாவா ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று ஜெஸ்லின் வாயைப் பிளந்தாள்.

நான் எங்கே வச்சிருக்கேன்? அது என்னை வச்சிகினு கீது.

மே 20, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது?

பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய கொட்டகை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே மார்கழி குளிர். மேலே அண்ணாந்து பார்த்தால் நூறு விளக்கு. ஒரு விளக்குக்கும் புகை இல்லை, சத்தம் இல்லை. ஒரு பகலையே பிடித்து அறைக்குள் கட்டிப் போட்ட மாதிரி. ஒரு பையன் என் முகத்தில் மாவு பூசினான். "கூத்துக்காரன் ஆயிட்டேன்டா" என்றேன். "அசையாதீங்க ஐயா, சுருக்கத்துக்குள்ள பவுடர் தேங்குது" என்றான்.

எங்களுக்கு எதிரே வேலூரிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், ரிட்டயர்டு டீச்சர்கள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக ஆட வந்தவர்கள். மூத்த டீச்சரம்மா எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "நல்லா ஆடுங்க. யார் ஜெயிச்சாலும் தர்மம் தானே" என்றாள். அதைக் கேட்டதும் கொஞ்சம் பேஜாராகிவிட்டது. எதிரி கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்.

கேள்வி கேட்கும் பொண்ணு பேர் சினேகா. என்ன குரல்! மைக் இல்லாமலே கடைசி படகு வரைக்கும் கேட்கும். நடுவர் நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு புலவர் ஐயா.

ராமாயணம் அந்த டீச்சர்களுக்கு. பெரிய புராணம் பாதிப் பாதி. திருவொற்றியூரில் சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தது வந்தது. அது நம்ம வீட்டு விஷயம், நான் விடுவேனா. பாரதம் வந்ததும் ஜெஸ்லின் கையை பட்டன் மேலேயே வைத்துவிட்டாள்.

கர்ணன் கடைசியாகக் கொடுத்த தானம் எது என்றார்கள். செய்த புண்ணியம் அத்தனையும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கர்ணன் வந்தால் என்னால் நிறுத்த முடியாது. எங்கள் கூத்தில் கர்ணன் தேரோடு சாய்ந்தபோது மழை தூறியது. முகத்து அரிதாரம் கரைந்து மாரில் சிவப்பாக வழிந்தது. கூத்துக்காரன் துடைக்கவில்லை, அப்படியே இரண்டு கையையும் ஏந்தினான் — அதைச் சொன்னேன். குப்பத்தில் எல்லாரும் திருப்பித் திருப்பிக் கேட்பது இதைத்தான். சொல்லி முடித்தபோது மேலே விளக்குப் பிடித்திருந்தவன் மூக்கை உறிஞ்சினான். புலவர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தாத்தா, இதெல்லாம் நீங்க கண்ணால பாத்ததா?" என்றாள் சினேகா.

"பதினெட்டு நாளும் பாத்தேன் மா. ஒரு இமை மூடல."

கைத்தட்டல். அப்படி ஒரு கைத்தட்டல் நான் கேட்டதில்லை.

இரண்டு பக்கமும் சமம். கடைசிக் கேள்வி. சினேகா அட்டையைப் படித்தாள்: "பாரதப் போரைப் பதினெட்டு நாளும் முழுவதுமாகப் பார்த்தது யார்?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. என்னிடமா இதைக் கேட்கிறாய்! ஜெஸ்லின் பட்டனை அமுக்கினாள்.

"அரவான்."

சினேகா அட்டையைப் பார்த்தாள். முகம் மாறியது. அட்டையில் சஞ்சயன் என்று இருந்ததாம்.

மே 21, புதன்

நேற்று பாதியில் விட்டேன்.

சஞ்சயன் யார் என்று எனக்குத் தெரியாதா? குருட்டு ராஜாவுக்குப் போரைப் பார்த்துச் சொன்னவன். ஆனால் எங்களுக்கு அரவான்தான். நான் பிடிவாதம் பிடித்தேன். புலவர் ஐயா ஆட்டத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, அரவான் தலை போர் பாத்த கதை எனக்கும் தெரியும். நாட்டுல பல கோயில்ல உண்டு. ஆனா எத்தனை நாள் பாத்துச்சுங்கிறது ஊருக்கு ஊர் வேற. சில ஊர்ல எட்டு நாளோட கண்ணு மூடிடும். உங்க ஊர்ல பதினெட்டும் முழுசா பாத்ததா ஆடினாங்கன்னா, உங்க பதிலையும் நான் ஏத்துப்பேன். அதுக்கு ஆதாரம் வேணும். ஏடு ஏதாவது?"

"கோயிலே கடல்ல கீது சாமி."

"அப்ப ஒரு சாட்சி. அந்தக் கூத்தை நேர்ல பாத்தவங்க. உங்ககிட்ட கதையா கேட்டவங்க கூடாது. பத்து நாள் தர்றேன்."

சாட்சி வந்தால் மூன்றாவது மெஷின். வராவிட்டால் காது கேளாத பிள்ளைகளுக்குப் பொருள். அந்த டீச்சரம்மா, "அவர் சாட்சி கொண்டு வரட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று கும்பிட்டாள். எப்படிப்பட்ட மனுஷிகள்!

மே 22, வியாழன்

சாட்சிக்கா பஞ்சம் என்று காலையில் கிளம்பினேன். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் "பதினெட்டு நாளும் தலை பாத்துச்சு" என்கிறார்கள். யார் சொன்னது என்றால் — "நீதான் மாமு சொன்னே."

எல்லாரும் என்னிடம் கேட்டவர்கள். என் வயசுக்காரர்கள் அப்போதே கடலில் இருந்தார்கள், மத்தியானம் மணலில் உட்கார்ந்து என் வாயால் கேட்டவர்கள். பதினெட்டு ராத்திரியும் நேராகப் பார்த்தவர்கள் கூத்தாடிகள், பூசாரி, கிழவிகள்; குழந்தைகள் பாதியிலேயே மடியில் தூங்கிவிடும். அர்ச்சுனன் வேஷம் கட்டின தண்டபாணி சுனாமி வருஷம் போனான். கர்ணன் கொருக்குப்பேட்டையில் போனான், எந்த வருஷம், ரூபாய் நோட்டு செல்லாமல் போனதே அந்த வருஷம். உடுக்கை அடித்தவன், கட்டியங்காரன், பூசாரி — உட்கார்ந்து விரல் மடக்கினேன். நாற்பத்தி மூன்று பேர். ஒவ்வொரு முகமும் வந்து எதிரே நின்றது. என்ன வேஷம், எங்கே நின்றான், எந்தக் காலில் சலங்கை அறுந்தது, எல்லாம். நாற்பத்தி இரண்டு பேர் செத்துவிட்டார்கள்.

நாற்பத்தி மூன்றாவது விரலை மடக்கவில்லை.

மே 23, வெள்ளி

குணா இன்று ரயிலில் மயங்கி விழுந்தாளாம். கூட வந்தவர்கள் தண்ணி கொடுக்கப் போனார்களாம். "எனக்குத் தண்ணி டாக்டரு குடுத்த கணக்கு, ஊத்தாதீங்கன்னு சைகை காட்டினேன் மாமா" என்று சிரிக்கிறாள்.

மே 25, ஞாயிறு

கல் மேட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லித் தொலைக்கிறேன்.

நான் பார்க்கவில்லை. பதினேழாம் நாள் நான் பார்க்கவில்லை.

பதினாறு ராத்திரி கண் முழித்தவன். பதினேழாவது நாள் கண்ணு என் பேச்சைக் கேக்கல. தலைக்குப் பின்னால சாஞ்சேன் — அவ்வளவுதான் தெரியும். யாரோ தோளை உலுக்கினப்போ கிழக்கு வெளுத்துக்கினு இருந்துச்சு. கூத்து முடிஞ்சிடுச்சு. கர்ணன் செத்துட்டான். ஊரே அழுது ஓஞ்சிடுச்சு. நான் குறட்டை விட்டுகினு கீறேன். இன்னா கேவலம்!

உலுக்கினது பூசாரி பொண்ணு. பட்டம்மாள். பதினஞ்சு வயசு. தலைக்கு ரெண்டு பக்கமும் எரியற விளக்குக்கு எண்ணெய் ஊத்தறது அவ வேலை. பதினெட்டு ராத்திரியும் அவ அங்கயேதான் நின்னா. அவளை யாரும் பாக்கல. விளக்கைத்தான் பாத்தாங்க.

"தூங்கிட்டியா? சத்தம் போடாத. குந்து. நான் சொல்றேன்" என்றாள். வலை அம்பாரத்துக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்து, கர்ணன் செத்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். மழை தூறினது, அரிதாரம் கரைஞ்சது, அவன் கை ஏந்தினது — அவ சொன்னது. அத்தனையும் அவ சொன்னது. மத்தியானம் மணல்ல நான் அதை அப்படியே ஒப்பிச்சேன். ஆம்பிளைங்க தேம்பி அழுதாங்க. அறுவது வருஷமா ஜனங்க எங்கிட்ட கேக்கறது அந்த ஒரு ராத்திரியைத்தான். நான் தூங்கின ராத்திரியை.

பட்டு கட்டினப்போ கூட்டத்துல நின்னா. "ஜனங்க எதிர்ல ஒரு வார்த்தை சொல்லு மேகம், அது போதும்" என்று முன்னாடியே கேட்டிருந்தாள். பட்டு வேண்டாம், தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஒரு வார்த்தை. சொன்னால் கண்ணு மூடின அரவான் கண்ணு என்று குப்பம் என்னைக் காறித் துப்பும். நான் சொல்லல. அவளும் அன்னிக்கு வாயை மூடினவதான். கண்ணாலம் கட்டிகினு போகும்போதும் என் பக்கம் திரும்பல.

அந்த நாற்பத்தி மூணாவது விரல் அவதான். மணலி புதுநகர்ல பேரன் வீட்டில் கீறாளாம்.

எந்த மூஞ்சியோட போய்ச் சாட்சி கேப்பேன்? விளக்கெல்லாம் எரிய, கேமரா பாக்க, ஒரு இமை மூடலன்னு மறுபடியும் சொல்லிட்டு வந்திருக்கேனே. அந்தப் புலவருக்கு இது தெரிஞ்சா பொய் சொன்னவன்னு ஆட்டத்தையே கலைச்சிடுவாரே. மெஷின் போகுமே. குணா நாளைக்கும் சுவரைப் பிடிச்சுக்கினு நிப்பாளே.

மே 26, திங்கள்

எழுத்துத் தெரியாதவன் செய்கிற தப்பை நேற்று செய்துவிட்டேன். யாரும் இல்லாத இடத்தில் பேசினால் ரகசியம் என்று நினைத்தேன். பேச்சு காற்றோடு போகவில்லை, போனில் எழுத்தாக நிற்கிறது. எனக்குத்தான் அது எறும்பு. குணாவுக்கு எழுத்து.

காலையில் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பட்டம்மாள் யாரு மாமா?"

டீயை மடியில் கொட்டிக்கொண்டேன்.

"திட்டமாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன் கேளு. எனக்காகப் பொய்ய மூடி வைக்காத. அந்த மெஷின்ல கையை நீட்டிகினு நாலு மணி நேரம் படுக்கறது நான். அடியில ஒரு பொம்பளையோட பேரு பொதைஞ்சு கீதுன்னு தெரிஞ்சா எனக்குப் படுக்க முடியாது."

"ஆட்டம் போயிடும் குணா."

"போனா ரயில் கீது. ரெண்டு வருஷமா அது இன்னும் என்னை இறக்கி வுடல."

வாரத்துக்கு இரண்டு தரம் உசுரு வெளியே போய்த் திரும்புகிறவள் இப்படிப் பேசுகிறாள்.

மே 28, புதன்

மணலி புதுநகருக்கு பஸ். போகிற வழியெல்லாம் குழாய்களும் புகைக்கூண்டுகளும். பகலிலேயே ஒரு கூண்டின் தலையில் நெருப்பு எரிகிறது. கண் மூடாத தலை என்று தோன்றியது.

கதவைத் திறந்தது அவளேதான். எழுபத்தைந்து வயசு. தலை முழுக்க வெளுப்பு. நின்ற நிலை மட்டும் மாறவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

"இன்னாடா மேகம், அறுவது வருஷம் கழிச்சு முழிச்சிகினியா?"

சிரிக்கிறாளா, அடிக்கிறாளா தெரியவில்லை. காலில் விழப் போனேன். "ஏய், முட்டி போயிடும். அப்புறம் யாரு உன்னைத் தூக்கறது? உள்ளே வா" என்றாள்.

எல்லாம் சொன்னேன். குணா, மெஷின், கேள்வி, புலவர். கேட்டுக்கொண்டே முருங்கைக் கீரையை உருவினாள்.

"டிவில நீ இன்னா சொன்னே? பதினெட்டும் பாத்தேன்னா?"

"ஆமா."

"கைத் தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"ம்." கீரைக் காம்பை முறத்தில் தட்டினாள். "வரச் சொல்லு."

மே 30, வெள்ளி

புலவர் ஐயாவும் சினேகாவும் கேமராக்காரர்களும் இன்று மணலி புதுநகருக்கு வந்தார்கள். நான் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பட்டம்மாள் சொல்லத் தொடங்கினாள். களப்பலியிலிருந்து. முதல் நாள், இரண்டாம் நாள்... நான் சொல்கிற கதைதான், ஆனால் நான் சொல்லாதது அதில் நிறைய இருந்தது. எந்த நாள் எந்த விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. பீஷ்மர் சாய்ந்த நாள் காற்று எந்தப் பக்கம். ஒன்பதாம் நாள் விடியும்போது அரவான் கண்ணில் ஈரக் களிமண்ணைத் தடவி, "இன்னும் பத்து நாள் பாருப்பா" என்று அவள் அப்பா சொன்னது. புலவர் ஐயா அந்த இடத்தில், "எட்டோட மூடலையா?" என்று கேட்டார். "எப்படி மூடும்? அதுக்கப்புறம் பத்து நாளு நானே விளக்கு ஏத்தினேனே" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். அறுபது வருஷமாக ஒருத்தரும் கேட்காத கதை, ஒரு இடம் தேயாமல். என் ஞாபகம் பெரிசு என்று ஊர் சொல்லும். அது இவள் ஞாபகத்தின் ஓரத்துத் துண்டு.

பதினேழாம் நாளும் வந்தது. மழை. அரிதாரம். ஏந்தின கை. அதே சொல், அதே வரிசை.

சினேகா கேட்டாள்: "இதைத் தான் தாத்தாவும் சொன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்தீங்களா பாட்டி?"

உள்ளே பாய் சரசரத்தது.

"ஆமா. அவனும் பாத்தான்" என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாள். பட்டு கட்டின அன்றைக்கு மாதிரி, மறுபடியும். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். மெஷின் வந்துவிடும்.

எழுந்து உள்ளே போய்விட்டேன். யாரோ "கட், கட்" என்றார்கள்.

"ஓட்டுங்க சார், நிறுத்தாதீங்க. நான் பாக்கல. பதினேழாம் நாள் நான் தூங்கிட்டேன். கர்ணன் செத்ததை எனக்குச் சொன்னதே இவதான். உங்க கொட்டகையில நான் சொன்னது பொய். பதினெட்டும் பாத்தது இந்தப் பொம்பள. அன்னிக்கு ஜனங்க எதிர்ல சொல்லாம வுட்டேன். இப்ப சொல்றேன்."

புலவர் ஐயா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பெரியவரே, நான் கேட்டது உங்ககிட்ட கேக்காத ஒரு சாட்சி" என்றார். "நீங்களே இவங்ககிட்ட கேட்டவரா இருக்கீங்க. இதுக்கு மேல எனக்கு என்ன ஆதாரம் வேணும்?"

பட்டம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு, "லூசு. நான்தான் சமாளிச்சிட்டேனே" என்றாள். குரல் உடைந்திருந்தது. அப்புறம் சோறு போட்டாள். முருங்கைக் கீரை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றோடு தடை முடிந்தது. பிரகாஷ் கடலுக்குப் போனான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. நாற்பத்தி இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கடலில் தண்ணீர் விட்டேன். வெயில் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இன்றைக்குப் பார்த்து டிவியில் போட்டார்கள்.

ஒன்றையும் வெட்டவில்லை. நான் பொய் சொன்னது, கைத்தட்டல், படிக்கட்டிலிருந்து ஓடி வந்தது, எல்லாம் வந்தது. குப்பத்தில் தெருவில் பெரிய திரை கட்டிப் பார்த்தார்கள். யாரும் காறித் துப்பவில்லை. "மாமு, இத்தினி வருஷம் ஏமாத்திகினு இருந்தியே" என்று நாலு பேர் முதுகில் அறைந்தார்கள், கொஞ்சம் பலமாகவே. வேலூர் டீச்சரம்மா போன் செய்து அழுதாள். அவர்களுக்கும் பாதிப் பொருள் கொடுக்க நிகழ்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களாம்.

மெஷின் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஜெஸ்லின் அதற்கு என்னைப் பொட்டு வைக்க விட்டுவிட்டாள். குணாவுக்கு இப்போது நடந்து போகும் தூரம்தான். போன செவ்வாய் வந்து நின்றாள், சுவரைப் பிடிக்கவில்லை. "சுவரு இன்னா, இப்ப வுழாதா?" என்றேன். "அதுக்கும் உடம்பு தேவல மாமா" என்றாள்.

பட்டம்மாளைப் பிரகாஷ் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தான். உச்சி வெயிலில் அவளைக் கல் மேட்டில் உட்கார வைத்தோம். கோயில் இருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். என் பட்டு இற்றுப்போய் நாளாகிறது. குணா தன் கண்ணாலப் புடவையில் ஒரு பாகம் கிழித்துக் கொடுத்தாள். பட்டம்மாள் தலையில் நானே கட்டினேன். "இறுக்காதடா, தலை வலிக்கும்" என்றாள். அப்புறம் பதினேழாம் நாளைச் சொல்லத் தொடங்கினாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். முதல் தடவையாக நான் அந்தக் கதையை ஆட்களோடு ஆளாக மணலில் உட்கார்ந்து கேட்டேன். தூங்கவில்லை.

குணா காதோரம் குனிந்து, "மாமா, அந்தக் கேள்விய மறுபடி கேட்டா இன்னா சொல்லுவே?" என்றாள்.

அரவான் தலை கரைந்து கடலில் போச்சு. அர்ச்சுனன் போனான், கர்ணன் போனான், பூசாரி போனார். நானும் இருக்கேன்தான், ஆனால் நான் கணக்கில்லை, நான் தூங்கினவன். பதினெட்டு நாளும் முழுசாகப் பார்த்து, இன்னும் உசுரோட, கண் மூடாமல் இருப்பது ஒரே ஒருத்தி.

பூசாரி மகள் பட்டம்மாள்.